கழலாமையும் கழற்றுதலும்: ஆடைகளில் கழற்றத்தக்க பொத்தான் இணைப்புகளின் வடிவமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஆடையில் பொத்தானை நிலையாகத் தைத்துவிடுவதே இன்றைய பெருவழக்கு. எனினும் சலவை, பழுதுபார்ப்பு, மறுசுழற்சி முதலிய தேவைகளுக்காகத் துணியிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க பொத்தான்களும் நெடுங்காலமாகப் புழங்கிவருகின்றன. இக்கட்டுரை அத்தகைய இணைப்புகளின் வகைகளையும் அவை இயங்கும் முறையையும் விளக்குகிறது. அணிந்திருக்கும்போது பொத்தான் மீது விழும் விசையின் வழியும், கழற்றும்போது கையாளப்படும் செயலின் வழியும் ஒன்றோடொன்று கலவாதிருப்பதே நல்ல வடிவமைப்பின் அடிப்படை என இக்கட்டுரை வாதிடுகிறது. பொத்தானை எவர் கழற்றப்போகிறார் என்னும் வினாவுக்கு முதலில் விடை கண்டால் மட்டுமே பொருத்தமான இணைப்பைத் தேர்ந்தெடுக்க இயலும் என்பதும், குழந்தை ஆடைகளில் இவ்வினா பாதுகாப்புச் சிக்கலாக மாறுகிறது என்பதும் எடுத்துக்காட்டுகளுடன் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பொத்தான், காஜா, காம்பு, திருகாணி, சங்கிலித் தையல், மறுசுழற்சி, குழந்தை ஆடைப் பாதுகாப்பு.

1. முன்னுரை

ஒரு சட்டையின் எடையில் பொத்தான்களின் பங்கு மிகச் சிறிது. ஆனால் அச்சட்டையின் பயன்பாட்டுக் காலத்தை முடிவுசெய்வதில் அவற்றின் பங்கு பெரிது. துணி நன்றாக இருக்கும்போதே பொத்தான் உடைந்ததால் ஒதுக்கப்படும் ஆடைகள் உண்டு. துணி நைந்த பின்னரும் பொத்தானைப் பிரிக்க இயலாமையால் மறுசுழற்சிக்கு உதவாமற்போகும் ஆடைகளும் உண்டு. துணியும் பொத்தானும் வெவ்வேறு பொருளால் ஆனவை. வெவ்வேறு ஆயுள் கொண்டவை. இவ்விரண்டையும் பிரிக்கவே இயலாதவாறு பிணைத்துவிடும்போது, முதலில் கெடுவது மற்றதையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது.

இச்சிக்கல் அண்மைக்காலத்தில் சட்டத்தின் கவனத்தையும் பெற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சனவரி 1 முதல் பழைய துணிகளைப் பிற குப்பைகளிலிருந்து தனியாகச் சேகரிக்க வேண்டும் என்னும் கடப்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. நிலைபேறான பொருள்களுக்கான சூழல்சார் வடிவமைப்பு ஒழுங்குமுறை 2024 சூலை 18 அன்று செயலுக்கு வந்தது. பழுதுபார்க்கும் தன்மை, மறுசுழற்சித் தன்மை ஆகியவற்றை விற்பனைக்கு வரும் பொருள்களின் தகுதிகளாக வரையறுக்க அது வழிசெய்கிறது. ஐரோப்பாவுக்கு ஆடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர் போன்ற நகரங்களின் வடிவமைப்பாளர்களுக்கு இவை தொலைவில் நிகழும் செய்திகள் அல்ல. பொத்தானை எவ்வாறு இணைப்பது என்னும் கேள்வியோடு, அதை எவ்வாறு பிரிப்பது என்னும் கேள்வியையும் அவர்கள் எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

2. சொல்லும் பொருளும்

ஆய்வுப் பொருளை வரையறுக்கும் முன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். பொத்தான் என்னும் சொல் போர்ச்சுக்கீசிய மொழிவழி தமிழுக்கு வந்தது. ஈழத்தமிழில் தெறி என்னும் சொல்லும் இப்பொருளில் வழங்குகிறது. பொத்தான் நுழையும் துளையைத் தையற்காரர்கள் காஜா என்பர். பொத்தான் அமையும் மடிப்புப் பகுதி பட்டி எனப்படும். பொத்தானின் முகத்திலேயே இரண்டு அல்லது நான்கு துளைகள் இருப்பின் அதனைத் துளைப் பொத்தான் எனவும், முகத்தின் பின்புறம் நீட்டப்பட்ட தண்டு இருப்பின் காம்புப் பொத்தான் எனவும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. பொத்தானின் அளவைக் கூறத் தொழிலில் வழங்கும் அலகு லைன் ஆகும். 40 லைன் ஓர் அங்குலத்துக்குச் சமம். ஆகவே 18 லைன் பொத்தான் ஏறத்தாழ 11.4 மி.மீ. விட்டமுடையது.

பொத்தான் இருவேறு பிணைப்புகளில் பங்கேற்கிறது என்பதை இங்குப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, பொத்தானுக்கும் காஜாவுக்கும் இடையிலான பிணைப்பு. இது நாள்தோறும் பலமுறை திறந்து மூடப்படுவது. இரண்டாவது, பொத்தானுக்கும் அது அமர்ந்திருக்கும் துணிக்கும் இடையிலான பிணைப்பு. இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் இந்த இரண்டாவது பிணைப்பே.

தமிழ் வினைச்சொற்களின் தன்வினை பிறவினை வேறுபாடு இங்குக் கருத்துத் தெளிவுக்கும் துணைசெய்கிறது. கழலுதல் தன்வினை, கழற்றுதல் பிறவினை. தானே கழலும் பொத்தான் குறையுடையது. ஒருவர் வேண்டுமென்றே கழற்றத்தக்க பொத்தான் வடிவமைக்கப்பட்டது. முதலாவதில் செய்பவர் இல்லை. இரண்டாவதில் செய்பவரும் நோக்கமும் உண்டு. கழற்றத்தக்க பொத்தானை வடிவமைப்பவர் தளர்வான இணைப்பை உருவாக்குவதில்லை. கழலாமையையும் கழற்றும் வசதியையும் ஒரே உறுப்பில் ஒருங்கே நிறைவேற்ற முற்படுகிறார். இவ்விரண்டு தேவைகளும் முரண்படுவனபோலத் தோன்றுகின்றன. அம்முரணைத் தீர்க்கும் வழிகளையே இனிவரும் பகுதிகள் ஆராய்கின்றன.

3. கழற்றும் தேவையின் வரலாற்றுப் பின்புலம்

பொத்தானைக் கழற்றவேண்டிய தேவை முதன்மையாகச் சலவையிலிருந்தே பிறந்தது. ஆடையை வெள்ளாவியில் வைத்துக் கல்லில் அடித்துத் துவைக்கும் முறையில், துணியோடு தைத்த பொத்தான் உடையும். உடையாத உலோகப் பொத்தான் துணியைக் கிழிக்கும். குர்தா, ஜிப்பா ஆகிய மேலாடைகளில் இருபுறப் பட்டியிலும் துளையிட்டு, தனியான பொத்தான்களை அவற்றின் வழியே செலுத்தி அணியும் வழக்கம் இத்தேவைக்குப் பொருந்துவதாக அமைந்தது. வெளுக்கப் போடுமுன் பொத்தான்கள் கழற்றப்படும். பொன்னாலும் வெள்ளியாலும் பொத்தான் செய்து அணிந்தோருக்கு இஃது இன்றியமையாததும் ஆயிற்று. ஒரே பொத்தான் தொகுதியைப் பல ஆடைகளுக்கு மாற்றி அணியவும் முடிந்தது.

இப்பொத்தான்களில் பல மெல்லிய சங்கிலியால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். இச்சங்கிலி அணிகலனாகத் தோன்றினும், வடிவமைப்பு நோக்கில் அதற்கு வேறொரு பணியும் உண்டு. ஒரு பொத்தான் துளையிலிருந்து நழுவினாலும் பிற பொத்தான்கள் அதனைத் தாங்கி நிற்கும். முதற்காப்பு தவறும்போது இரண்டாம் காப்பு செயற்படும் இம்முறை, கழற்றத்தக்க எந்த இணைப்புக்கும் கருதத்தக்க முன்மாதிரியாகும்.

வெப்பமண்டல நாடுகளில் பணியாற்றிய பிரித்தானியப் படையினரின் காக்கிச் சீருடைகளிலும், கடற்படை அலுவலரின் வெண்ணிறச் சீருடைகளிலும் இதே தேவை வேறு வடிவில் நிறைவேற்றப்பட்டது. துணியில் அமைந்த சிறு துளையின் வழியே பித்தளைப் பொத்தானின் காம்பை உட்புறம் செலுத்தி, காம்பின் கண்ணில் சாவிக்கொத்து வளையத்தைப் போன்ற சிறு சுருள் வளையத்தை மாட்டினர். அடிக்கடி துவைக்கவேண்டிய பருத்தித் துணியும், அடிக்கடி மெருகேற்றவேண்டிய பித்தளையும் ஒன்றையொன்று கெடுக்காதிருக்க இப்பிரிப்பு உதவியது.

பொத்தானைத் தாண்டி, ஆடையின் பகுதியையே கழற்றும் நிலையும் உருவாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு ஆடவர் சட்டைகளில் கழுத்துப்பட்டை தனியாகக் கழற்றத்தக்கதாக அமைந்தது. அமெரிக்காவின் டிராய் நகரம் இத்தொழிலின் மையமாக விளங்கியது. சட்டையைவிடக் கழுத்துப்பட்டை விரைவில் அழுக்கேறும், விரைவில் நையும். ஆதலின் அதனைச் சிறு குமிழ்ப் பொத்தான்களால் சட்டையோடு இணைத்தனர். வெவ்வேறு ஆயுளும் வெவ்வேறு பராமரிப்பும் உடைய உறுப்புகளைப் பிரித்துவைத்தல் என்னும் கோட்பாடு இங்குத் தெளிவாக வெளிப்படுகிறது.

துவைக்கும் எந்திரமும் செயற்கைப் பிசின் பொத்தான்களும் பரவலான பின்னர் இத்தேவை குறைந்தது. எந்திரச் சலவையைத் தாங்கும் மலிவான பொத்தானைத் தைத்துவிடுவதே எளிதாயிற்று. கழற்றத்தக்க பொத்தான் சடங்கு ஆடைகளிலும், சமையற்கலைஞரின் மேலாடை போன்ற சில தொழிலாடைகளிலும் மட்டும் எஞ்சியது.

4. இணைப்பு வகைகள்

கழற்றத்தக்க பொத்தான் இணைப்புகளை, அவை விடுபடும் முறையின் அடிப்படையில் நான்காகப் பகுக்கலாம்.

4.1 நுழைத்துத் திருப்பும் வகை: இதில் பொத்தானின் பின்பகுதி காஜாவினும் சற்றுப் பெரிதாக இருக்கும். சாய்த்து நுழைத்து நேராக்கினால் அது துணியின் உட்புறத்தில் தங்கிவிடும். குர்தாப் பொத்தான், சட்டைக் கைப்பட்டியில் மாட்டும் இணைப்பான் ஆகியன இவ்வகையின. கருவி ஏதும் வேண்டாம், அணிபவரே கழற்றலாம். துளை தளர்ந்துவிட்டால் பிடிப்பும் தளரும் என்பது இதன் குறை.

4.2 திருகு வகை: தோட்டின் தண்டும் அதன் பின்புறத்துத் திருகாணியும் இவ்வகைக்கு நாம் நன்கறிந்த சான்று. காதுமடலின் இடத்தில் துணியைக் கருதினால் இவ்விணைப்பின் இயக்கம் விளங்கும். பொத்தான் முகத்திலிருந்து நீளும் தண்டு துணித்துளையின் வழியே உட்சென்று, உட்புற அடித்தட்டில் திருகப்படுகிறது. கழற்றிப் பொருத்தும் ஜீன்ஸ் பொத்தான்கள் சில இம்முறையைப் பின்பற்றுகின்றன. நேர் இழுவிசையை இது மிக நன்றாகத் தாங்கும். ஆனால் பொத்தானை ஒவ்வொரு முறையும் காஜாவில் நுழைக்கும்போது விரல்கள் அதனைச் சிறிதளவு சுழற்றுகின்றன. அச்சுழற்சி ஒரு திசையில் சேர்ந்துகொண்டே போனால் திருகு தளரும். தோட்டின் திருகாணி அறியாமலே கழன்று தொலைவதும் இக்காரணத்தாலேயே.

4.3 தடுப்பு வளைய வகை: காம்பின் கண்ணில் சுருள் வளையத்தையோ பிளவுபட்ட ஊசியையோ மாட்டி நிறுத்துவது இவ்வகை. சீருடைப் பொத்தான்கள் இதற்குச் சான்று. பொத்தான் எத்திசையில் சுழன்றாலும் வளையம் கழலாது. அதனைக் கழற்ற, வளையத்தின் சுருளை விரித்துக் காம்பிலிருந்து உருவ வேண்டும். அணிபவரின் இயல்பான அசைவுகளில் இச்செயல் நிகழ வாய்ப்பில்லை. உட்புறத்தில் உடலை உறுத்துவதும், கழற்ற நேரமாவதும் இதன் குறைகள்.

4.4 விடுவிப்பு நூல் வகை: இதில் பொத்தான் வழக்கம்போல் தைக்கப்பட்டே இருக்கும். ஆனால் தைத்த நூல் குறிப்பிட்ட சூழலில் தன் வலிமையை இழக்கும். குறிப்பிட்ட வெப்பநிலையில் நீரில் கரையும் பாலிவினைல் ஆல்ககால் நூல்களும், உலையின் வெப்பத்தில் உருகும் நூல்களும் உள்ளன. பின்னதை ஆடைப் பிரிப்புக்கென்றே பெல்சியத்தின் ரிசார்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கியுள்ளது. இவ்வகையில் அணிபவரால் கழற்ற இயலாது. மறுசுழற்சிக் கூடத்திலேயே பொத்தான் விடுபடும்.

5. விசை வழியும் விடுவிப்பு வழியும்

மேற்கூறிய நான்கு வகைகளையும் ஒப்பிட ஒரு பொது அளவுகோல் தேவைப்படுகிறது. அணிந்திருக்கும் நிலையில் பொத்தான் மீது விழும் விசைகளை முதலில் நோக்கலாம். மூச்சை உள்ளிழுக்கும்போதும் கைகளை விரிக்கும்போதும் மார்புப் பகுதி அகலுகிறது. இருபுறப் பட்டிகளும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கப்படுகின்றன. இவ்விசை துணியின் தளத்திலேயே செயற்பட்டுக் காம்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. காம்பு சாய முற்படுவதால் பொத்தானின் ஒரு விளிம்பு அழுந்த, மறு விளிம்பு எழுகிறது. இவற்றோடு, பொத்தானை அவிழ்க்கும்போது விரல்கள் தரும் நேர் இழுவிசையும் சிறு சுழற்சியும் சேரும்.

சாய்வின் கடுமை விசையையும் காம்பின் உயரத்தையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 20 நியூட்டன் பக்கவிசை 3 மி.மீ. உயரக் காம்பில் செயற்பட்டால் உண்டாகும் திருப்புத்திறன் 60 நியூட்டன் மில்லிமீட்டர். காம்பின் உயரம் 6 மி.மீ. ஆனால் அது 120 ஆகிவிடும். கழற்றும் பொறிமுறைக்கு இடம் வேண்டிக் காம்பை உயர்த்தும் வடிவமைப்பாளர், தாம் உணராமலே துணியின் சுமையை இரட்டிப்பாக்குகிறார். துணியின் தடிப்புக்கு வேண்டிய அளவினும் காம்பு மிகாதிருத்தல் வேண்டும்.

இவ்விசைகள் எவற்றிலும் இடம்பெறாத ஒரு செயலை விடுவிப்புச் செயலாகத் தெரிந்தெடுப்பதே தீர்வு. இதனை விளக்க அன்றாட வாழ்விலிருந்து ஒரு சான்று காட்டலாம். அரிசி மூட்டையின் வாய் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருக்கும். மூட்டையைத் தூக்கினாலும் எறிந்தாலும் அத்தையல் பிரிவதில்லை. ஆனால் உரிய முனையைக் கண்டறிந்து நூலை இழுத்தால் வாய் முழுதும் ஒரே இழுப்பில் திறந்துகொள்கிறது. மறுமுனையிலிருந்து இழுத்தால் அவ்வாறு பிரியாது. மூட்டையின் சுமை தையலுக்குக் குறுக்காகச் செயற்படுகிறது. விடுவிப்போ தையலின் நெடுக்கில், அதுவும் தைத்து முடித்த முனையிலிருந்து மட்டுமே நிகழ்கிறது. ஒரே நூல், ஒரு வழியில் வலிமையாகவும் மறு வழியில் எளிதில் பிரிவதாகவும் உள்ளது. கழலாமையும் கழற்றுதலும் ஒரே உறுப்பில் முரணின்றி அமையும் என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

இவ்வளவுகோலால் நோக்கினால் நான்கு வகைகளின் தகுதிகளும் தெளிவாகின்றன. நுழைத்துத் திருப்பும் வகையில் விடுவிப்புச் செயல் சாய்த்தல். அணியும்போது விழும் விசையும் பொத்தானைச் சாய்க்கிறது. ஆகவே இருவழிகளும் ஓரளவு கலக்கின்றன. சங்கிலி என்னும் இரண்டாம் காப்பின் தேவை இங்குப் புலனாகிறது. திருகு வகையில் விடுவிப்புச் செயல் சுழற்றுதல். விரல்களின் சிறு சுழற்சியும் அதே வழியைச் சார்ந்தது. முகத்தைத் தண்டின்மீது தனியே சுழலவிட்டால் அச்சுழற்சி திருகைச் சென்றடையாது. தடுப்பு வளைய வகையில் இருவழிகளும் முற்றிலும் வேறானவை. விடுவிப்பு நூல் வகையில் விடுவிப்புக்குரிய வெப்பம் பொதுவாக அணியும்போது நேர்வதில்லை. எனினும் பருத்திக்கான இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பு 200 பாகை செல்சியசு அளவை எட்டும் என்பதால், அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகும் நூலைத் தேய்க்கப்படும் பட்டியில் பயன்படுத்தும்போது எச்சரிக்கை தேவை.

ஒற்றை நூல் சங்கிலித் தையலால் பொத்தான் தைக்கும் எந்திரங்கள் ஆடைத் தொழிலில் பரவலாக உள்ளன. அவ்வாறு தைத்த பொத்தானின் தொங்கும் நூலை இழுத்தால் பொத்தான் கழன்றுவிடுவது குறையாகவே கருதப்பட்டுவருகிறது. மூட்டைத் தையலின் பாடத்தைப் பின்பற்றி இக்குறையையே பயனாக மாற்ற இயலும். தைத்து முடித்த முனையை உட்புறத்தில் உறுதியாகப் பூட்டி, அப்பூட்டினை நிறத்தால் அடையாளப்படுத்தலாம். பூட்டு உள்ளவரை பொத்தான் கழலாது. மறுசுழற்சியாளர் பூட்டை வெட்டி நூலை இழுத்தால், துணிக்கு ஊறின்றிப் பொத்தான் விடுபடும். இது சோதனைக்கு உட்படுத்தவேண்டிய முன்மொழிவாக இங்கு வைக்கப்படுகிறது.

6. துணியின் பக்கம்

கழற்றத்தக்க பொத்தானை வடிவமைப்போர் பெரும்பாலும் பொத்தானின் மீதே கவனம் செலுத்துவர். ஆனால் இணைப்பின் மற்றொரு பாதி துணியில் உள்ளது. தைத்த பொத்தானின் விசையைப் பல நூலிழைகள் பகிர்ந்துகொள்கின்றன. கழற்றத்தக்க பொத்தானின் விசையோ ஒரு துளையின் விளிம்பில் குவிகிறது. ஆதலின் அடித்தட்டின் பரப்பு முக்கியமானது. 3 மி.மீ. துளையின் பின்னே 8 மி.மீ. விட்டமுள்ள தட்டு அமைந்தால், துணியைத் தாங்கும் பரப்பு ஏறத்தாழ 43 சதுர மி.மீ. ஆகும். 20 நியூட்டன் நேர்விசை அப்பரப்பில் சீராகப் பரவினால் சதுர மில்லிமீட்டருக்கு 0.46 நியூட்டன் அழுத்தமே உண்டாகும். தட்டின் விட்டம் 5 மி.மீ. எனக் குறைந்தால் அழுத்தம் 1.6 நியூட்டனாக உயரும். தட்டின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நூலிழை அறுபடும். அதனை உருட்டி மழுக்குதல் வேண்டும்.

துளையை வலுப்படுத்தப் பித்தளை வளையம் பதிப்பது எளிய வழியாகத் தோன்றும். இங்கு ஒரு முரண் எழுகிறது. பொத்தான் கழன்றபின்னும் பித்தளை வளையம் துணியிலேயே நிலைத்திருக்கும். மறுசுழற்சியாளர் முன்பு பொத்தானை வெட்டியெடுத்தார். இப்போது வளையத்தை வெட்டியெடுப்பார். உலோகத்தைப் பிரிக்கும் நோக்கத்தோடு தொடங்கிய வடிவமைப்பு, மற்றோர் உலோகத்தைத் துணியில் நிலைநிறுத்திவிடுகிறது. பருத்தி ஆடையில் பருத்தி நூலாலேயே துளை விளிம்பைச் செறிவாகத் தைத்து, பின்னே பருத்தித் துணியால் ஒட்டு வைப்பதே நோக்கத்துக்கு இசைந்த முறை.

உட்புற அடித்தட்டு தோலைத் தொடுவதால் அதன் பொருளும் கருதத்தக்கது. நிக்கல் பூசிய உலோகம் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். தோலோடு நீண்டநேரம் தொடர்புகொள்ளும் பொருள்களிலிருந்து வெளிப்படும் நிக்கலின் அளவு, வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ. பரப்பில் 0.5 மைக்ரோகிராமை மிஞ்சக்கூடாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் வேதிப்பொருள் விதிகள் வரையறுக்கின்றன. ஆடைகளின் உலோகப் பொத்தான்களும் தறையாணிகளும் அவ்விதியில் பெயர்சுட்டியே குறிப்பிடப்பட்டுள்ளன.

7. குழந்தை ஆடைகள்: கழற்றுதலின் எல்லை

இதுவரை கூறியவை பெரியோர் ஆடைகளுக்குப் பொருந்தும். குழந்தை ஆடைகளில் நிலைமை வேறு. சிறு குழந்தைகள் கையில் கிடைப்பதை வாயிலிடுவர். மூச்சுக்குழல் அடைபடும் இடரை மதிப்பிட அமெரிக்க விதிகள் 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள உருளையைச் சோதனைக்குப் பயன்படுத்துகின்றன. அதனுள் முழுதும் அடங்கும் பொருள் ஆபத்தான சிறுபொருளாகக் கருதப்படும். 40 லைன் பொத்தானின் விட்டமே 25.4 மி.மீ. தான். ஆகவே வழக்கில் உள்ள ஏறத்தாழ எல்லாப் பொத்தான்களும் அவ்வுருளையினுள் அடங்கும். பொத்தானைப் பெரிதாக்கி இவ்விடரைத் தவிர்க்க இயலாது. அது துணியிலிருந்து கழலாதிருப்பதே ஒரே காப்பு.

ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரமான ஈ.என். 71-1, 6 மி.மீ.க்கு மேற்பட்ட உறுப்பு 90 நியூட்டன் இழுவிசையையும் 0.34 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையையும் தாங்கவேண்டும் என்கிறது. இவை பொம்மைகளுக்குரிய அளவுகளே ஆயினும் ஆடை வடிவமைப்பாளருக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன. இழுவிசைச் சோதனை மட்டும் போதாது. திருகு வகைப் பொத்தான் 90 நியூட்டனை எளிதில் தாங்கக்கூடும். திருப்புவிசைக்கு முன் அது நிற்பது அரிது. ஓர் இணைப்பு எச்செயலால் விடுபடுமோ அச்செயலாலேயே அதனைச் சோதித்தல் வேண்டும்.

இதனின்று பெறப்படும் முடிவு யாதெனில், கையால் கழற்றத்தக்க எவ்வகைப் பொத்தானும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடைக்குப் பொருந்தாது. பெரியவரின் விரலுக்கு இசையும் செயல் குழந்தையின் விரலுக்கும் பல்லுக்கும் ஒருநாள் இசைந்துவிடும். பிரித்தெடுக்கும் தேவை இருப்பின், வெட்டும் கருவி அல்லது உலை வெப்பம் இன்றி விடுபடாத நூல் வகையையே கருதலாம். பொத்தானைத் தவிர்த்து நாடா முடிச்சை அமைப்பதும் வழியே. ஆயின் கழுத்துப் பகுதியில் நாடா வேறோர் இடரைத் தருவதால் அதற்குரிய விதிகளையும் நோக்கவேண்டும்.

8. மறுசுழற்சியும் உழைப்பும்

அரியானா மாநிலத்தின் பானிப்பட்டு, உலகின் பல நாடுகளிலிருந்து வரும் பழைய ஆடைகளை மீண்டும் நூலாக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆடைகள் அங்கு நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, கிழித்து இழையாக்கப்பட்டு, போர்வைகளாக மறுபிறப்பு எடுக்கின்றன. இழையாக்கும் எந்திரத்தில் உலோகம் புகுந்தால் பற்கள் கெடும், தீப்பொறியும் எழலாம். எனவே பொத்தானும் ஜிப்பும் முன்கூட்டியே நீக்கப்பட வேண்டும். இப்பணியைக் கத்தியால் கையாலேயே செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். பொத்தானை இணைக்க எந்திரங்கள் பல உண்டு. பிரிப்பதற்கோ தொழிலாளியின் கையும் கத்தியுமே கருவிகளாக உள்ளன. ஆடையை வரைந்த மேசையில் எண்ணிப்பார்க்காது விடப்பட்ட வேலை, பல்லாயிரம் கல் தொலைவில் இப்பெண்களின் மடியில் வந்து விழுகிறது.

துணி இழப்பும் கருதத்தக்கது. விரைவு கருதிப் பொத்தான்களைத் தனித்தனியே நீக்காமல் பட்டியையே வெட்டி எறிவதாகக் கொள்வோம். 3 செ.மீ. அகலமும் 70 செ.மீ. நீளமும் மூன்று மடிப்பும் கொண்ட பட்டியில், சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள துணியாயின், ஏறத்தாழ 7.5 கிராம் துணி வீணாகும். ஒரு சட்டைக்கு இது சிறிது. ஓராயிரம் சட்டைக்கு 7.5 கிலோ. பட்டி பெரும்பாலும் நையாத பகுதி என்பதால், நல்ல இழையே இவ்வாறு இழக்கப்படுகிறது.

ஜீன்ஸ் உடையில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. பைகளின் மூலைகளைச் செப்புத் தறையாணிகளால் வலுப்படுத்தும் முறைக்கு 1873 மே 20 அன்று ஜேக்கப் டேவிசும் லீவை ஸ்ட்ராசு நிறுவனமும் காப்புரிமை பெற்றனர். கிழியாமையே அன்றைய குறிக்கோள். அதில் அவர்கள் வென்றனர். 2019இல் எலன் மக்கார்த்தர் அறக்கட்டளை வெளியிட்ட ஜீன்ஸ் மறுவடிவமைப்பு நெறிமுறைகள், அத்தறையாணிகளைத் தவிர்க்கவோ இயன்றவரை குறைக்கவோ வேண்டும் என்றன. அந்நெறிமுறைகளே, ஆடை குறைந்தது 30 வீட்டுச் சலவைகளையாவது தாங்கவேண்டும் என்றும் கூறின. உறுதியும் பிரிபடும் தன்மையும் ஒருசேர வேண்டப்படுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

9. வடிவமைப்பாளர் கைக்கொள்ளத்தக்க முறை

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் பின்வரும் வரிசையை முன்வைக்கலாம்.

முதலாவதாக, கழற்றப்போகிறவர் எவர் என வரையறுக்க வேண்டும். அணிபவர் எனில் நுழைத்துத் திருப்பும் வகையும், சலவைத் தொழிலாளர் எனில் தடுப்பு வளைய வகையும், பழுதுபார்ப்பவர் எனில் திருகு வகையும், மறுசுழற்சியாளர் எனில் விடுவிப்பு நூல் வகையும் முதற்கண் கருதத்தக்கன.

இரண்டாவதாக, எத்தனை முறை கழற்றப்படும் எனக் கணிக்க வேண்டும். வாரந்தோறும் கழற்றப்படும் இணைப்பு தேய்மானத்தைத் தாங்கவேண்டும். ஒரே ஒருமுறை, ஆடையின் இறுதியில் மட்டும் கழற்றப்படும் இணைப்புக்கு அத்தேவை இல்லை. அதற்கு எளிமையும் மலிவுமே முதன்மை.

மூன்றாவதாக, அணியும்போது நேரும் செயல்களைப் பட்டியலிட்டு, அப்பட்டியலில் இல்லாத ஒன்றையே விடுவிப்புச் செயலாகத் தெரிவுசெய்ய வேண்டும்.

நான்காவதாக, கழன்ற பின் எஞ்சுவது யாது என நோக்க வேண்டும். துணியில் எஞ்சும் வளையம், கையில் எஞ்சும் பொத்தான், தொலையக்கூடிய சிறு உறுப்பு ஆகிய மூன்றுக்கும் விடை வேண்டும். உறுப்புகளின் எண்ணிக்கை குறையுமளவுக்குத் தொலையும் வாய்ப்பும் குறையும்.

ஐந்தாவதாக, விடுவிக்கும் வழியை ஆடையிலேயே குறித்துவைக்க வேண்டும். சலவைக் குறிப்பு அச்சிடப்படும் அதே சிட்டையில் ஒரு சிறு படம் போதும். எவ்வளவு சிறந்த பொறிமுறையாயினும், கழற்ற முடியும் என்பதை அறியாதவர் கத்தியையே எடுப்பார்.

10. முடிவுரை

கழற்றத்தக்க பொத்தான் புதிய கண்டுபிடிப்பன்று. சலவையின் தேவைக்காக ஒருகாலத்தில் பரவலாக இருந்து, எந்திரச் சலவையால் மறைந்து, மறுசுழற்சியின் தேவையால் மீண்டும் கவனம் பெறுவது. பழைய வகைகள் அணிபவரையும் சலவைத் தொழிலாளரையும் கருத்திற்கொண்டன. இன்றைய தேவையோ ஆடையை அணிந்தவர் ஒருபோதும் சந்திக்காத ஒரு தொழிலாளரைச் சார்ந்தது. எனவே பழைய பொறிமுறைகளை அவ்வாறே மீட்டெடுப்பதால் பயனில்லை. அவற்றின் உள்ளுறையாக அமைந்த கோட்பாட்டையே மீட்டெடுக்க வேண்டும்.

விசை வழியையும் விடுவிப்பு வழியையும் வேறாக்குதல் என்பதே அக்கோட்பாடு. அவை கலக்கும்போது கழற்றத்தக்க பொத்தான் கழலும் பொத்தானாகிறது. குழந்தை ஆடையில் அஃது உயிருக்கே ஊறாகும். அவை வேறாக நிற்கும்போது, உறுதியைக் குறைக்காமலேயே பிரிபடும் தன்மையைப் பெறலாம். ஆடை வடிவமைப்புப் பாடத்திட்டங்களில் பொத்தானை இணைக்கும் முறைகள் கற்பிக்கப்படும் இடத்திலேயே பிரிக்கும் முறைகளும் இடம்பெறுதல் வேண்டும். ஓர் ஆடையைத் தைத்து முடிக்கும் மாணவர், அதனைத் துணியாகவும் பொத்தானாகவும் நூலாகவும் மீண்டும் பிரித்துக் காட்டுவதையும் தேர்வின் ஒரு பகுதியாக ஆக்கலாம். அப்பயிற்சி பெற்றவர் வரையும் ஆடையில், பானிப்பட்டுத் தொழிலாளியின் கைவேலை ஓரளவேனும் குறையும்.